ஒரு வலி மருந்து எங்கே போய்ப் பற்றுகிறது? மென்சவ்வுப் புரதங்களைப் பளிங்காக்கிய கதை

மாமாவின் இடது தொடைக்குள் 2009ஆம் ஆண்டிலிருந்து ஒரு செல் துண்டு இருக்கிறது. அதை எடுக்கப்போனால் நரம்பு போய்விடும் என்று வைத்தியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் ஒரு பை நிறையக் குளிசைகளோடு வருவார். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வயிற்றெரிவுக்கு ஒன்று, நோவுக்கு இரண்டு. அண்மையில் ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். மருந்து எடுக்கும் வரிசையில் நின்றபோது கேட்டார்:

"பிள்ளை, இந்தக் குளிசை வயித்துக்குள்ளதானே போகுது. எனக்குத் துடையிலதான் நோகுதெண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் ஊடகக் கற்கை படித்தவள். விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. வரிசை நகர்ந்துகொண்டிருக்க, புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்ட பிறகு தனக்குப் போட்ட ஓர் ஊசியைப் பற்றியும் சொன்னார். "நோ போகேல்லை பிள்ளை. இருந்தது. ஆனா அது என்ர நோ மாதிரி இல்லை. பக்கத்துக் கட்டில்காரன்ர நோ மாதிரி இருந்தது." அந்த ஊசி மோர்பின்.

அவருடைய கேள்விக்குப் பதில் தேடிப் படித்தபோது இரண்டு ஆண்டுகள் என் கண்ணில் பட்டன. அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்து அதைப் பளிங்காகக் கண்டவர் சேர்ட்யூர்னர் என்ற இளம் ஜேர்மன் மருந்தாளர். அது 1805ஆம் ஆண்டளவில். மோர்பின் உடலுக்குள் போய்ப் பற்றும் புரதத்தைப் பளிங்காக்கி அதன் வடிவத்தைக் கண்டது 2012இல். மருந்தின் பளிங்குக்கும், மருந்து பற்றும் இடத்தின் பளிங்குக்கும் இடையே 200 ஆண்டுகளுக்கு மேல். ஏன் இவ்வளவு காலம் எடுத்தது, என்ன செய்து அதைப் பிடித்தார்கள், பிடித்ததால் நோவோடு வாழ்பவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கலத்தின் வாசல்கள்

உடலின் ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று சுற்றியிருக்கிறது. பாடசாலையில் கலமென்சவ்வு என்று படித்தது இதைத்தான். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு அளவு. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர், நடுவில் எண்ணெய்ச் சுவர். உப்பின் அயன்களும் பெரும்பாலான சத்துகளும் அந்தச் சுவரைத் தாங்களாகக் கடக்க முடியாது.

கடத்திவிடும் வேலையைச் செய்பவை அந்தச் சுவருக்குள் பதிந்திருக்கும் புரதங்கள். இவற்றை மென்சவ்வுப் புரதங்கள் என்கிறோம். சில வாயில்கள்: திறந்து மூடி அயன்களை விடும். சில பம்பிகள்: சக்தியைச் செலவழித்து ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளும். சில வாங்கிகள்: வெளியே வந்து ஒட்டும் ஒரு மூலக்கூறை உணர்ந்து, அதை உள்ளே விடாமல், வந்த செய்தியை மட்டும் கலத்துக்குள் சொல்லும்.

மனிதனின் பரம்பரையலகுகளில் நூற்றுக்கு 20 முதல் 30 வீதம் வரை இந்த வகைப் புரதங்களைச் செய்வதற்கானவை. இன்று பாவனையில் உள்ள மருந்துகளில் பாதிக்கு மேல் இவற்றின் மீதே வேலை செய்கின்றன. மாமாவின் பையைக் கொட்டிப் பார்த்தாலே தெரியும். இரத்த அழுத்தத்துக்கான லொசார்டன், அஞ்சியோடென்சின் என்ற ஓமோனின் வாங்கியை அடைக்கிறது. வயிற்றெரிவுக்கான ஒமிப்ரசோல், இரைப்பையில் அமிலத்தை வெளியேற்றும் பம்பியை நிறுத்துகிறது. நரம்பு நோவுக்கான பிரிகபலின், கல்சியம் வாயிலோடு சேர்ந்திருக்கும் ஒரு துணைப் புரதத்தில் பற்றுகிறது. மாமியின் ஆஸ்துமா பம்புக்குள் இருக்கும் சல்பியூட்டமோல் பற்றுவதும் ஒரு வாங்கியில்தான்.

மாமாவின் கேள்விக்கான பாதிப் பதில் இங்கே கிடைக்கிறது. எங்கே நோகிறது என்று குளிசைக்குத் தெரியாது. அது இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது. தன் வடிவத்துக்குப் பொருந்தும் புரதம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பற்றுகிறது.

மோர்பினுக்குப் பொருந்தும் புரதத்தின் பெயர் மியூ ஓபியோயிட் வாங்கி. முள்ளந்தண்டு நாணிலும் மூளையிலும் நரம்புக்கலங்களின் மென்சவ்வில் அது இருக்கிறது. மோர்பின் அதில் பற்றியதும், காலிலிருந்து மேலே போகும் நோவுச் செய்தி நாணிலேயே தணிகிறது. மூளையில் அந்தச் செய்தி உணரப்படும் விதமும் மாறுகிறது. மாமா சொன்ன 'பக்கத்துக் கட்டில்காரன்ர நோ' இதுதான். ஆனால் இதே வாங்கி மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுப் பகுதியிலும் குடலிலும் இருக்கிறது. அதனால்தான் மோர்பின் கூடினால் மூச்சு மெதுவாகிறது, மலச்சிக்கல் வருகிறது. நோவையும் மூச்சையும் குறைப்பது ஒரே வாங்கி என்பது இந்தக் கதை முழுக்க வரும் சிக்கல்.

இப்படி ஒரு வாங்கி மூளையில் இருக்கிறது என்பது 1973இல் கதிர்த்தொழிற்பாடுள்ள அடையாளம் இட்ட மருந்துகளைக் கொண்டு காட்டப்பட்டது. உடலே தனக்காகச் செய்யும் மோர்பின் போன்ற பொருளான என்கெபலின் 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் கண்டுபிடிக்கப்பட்டது. மியூ வாங்கிக்கான பரம்பரையலகு 1993இல் பிரித்தெடுக்கப்பட்டது. அப்போதும் அந்தப் புரதம் எப்படி இருக்கும், மருந்து அதில் எந்தப் பக்கமாக உட்காருகிறது என்பது எவருக்கும் தெரியாது.

ஏன் பளிங்கு வேண்டும்?

சாதாரண நுணுக்குக்காட்டியால் ஒரு புரதத்தின் அணுக்களைப் பார்க்க முடியாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை, அணுவோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. அணு அளவு அலை உள்ளது எக்ஸ் கதிர். ஆனால் ஒற்றைப் புரத மூலக்கூறின் மீது எக்ஸ் கதிரை விட்டால் சிதறி வருவது அளக்க முடியாத அளவு சிறியது. கதிரே அதை அழித்தும் விடும். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசையைப் பார்த்து, ஒரே இடைவெளியில், வரிசை வரிசையாக நின்றால் அவை எல்லாவற்றிலிருந்தும் சிதறும் கதிர்கள் ஒன்று சேர்ந்து தெளிவான புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளிலிருந்து வடிவத்தைக் கணக்கிடலாம். அப்படி வரிசையாக நிற்கும் கூட்டம்தான் பளிங்கு.

ஆனையிறவில் உப்பு விளைவதைப் பார்த்தவர்களுக்கு முதற்பாதி விளங்கும். பாத்தியில் கடல்நீரை விட்டு, வெயில் நீரை மெதுவாக எடுக்க எடுக்கக் கரைசல் நிரம்புகிறது. தாங்க முடியாத கட்டத்தில் உப்பு பளிங்காகத் தரையில் படிகிறது. புரதத்துக்கும் அதே வழிதான். புரதக் கரைசலின் சிறு துளியோடு உப்பையோ பொலிஎதிலீன் கிளைக்கோல் போன்ற பொருளையோ கலந்து, அதைவிடச் செறிவான கரைசல் உள்ள சிறு கிண்ணத்துக்கு மேலே தொங்கவிட்டு மூடிவிடுவார்கள். துளியிலிருந்து நீர் ஆவியாகி மெதுவாகக் கிண்ணத்துக்குப் போகும். துளி செறிவாகும். எல்லாம் சரியாக இருந்தால் சில நாட்களில் பளிங்கு தெரியும். வேகம் கூடினால் பால் திரைந்தது போல ஒழுங்கில்லாமல் உறைந்துவிடும்.

இந்த வழியால்தான் தசையில் ஒட்சிசனைச் சேமிக்கும் மயோகுளோபினின் வடிவத்தை ஜோன் கெண்ட்றூவும், இரத்தத்தின் ஹீமோகுளோபினின் வடிவத்தை மக்ஸ் பெரூட்சும் கண்டார்கள். 1962இல் இருவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டும் தண்ணீரில் கரையும் புரதங்கள். அதன் பிறகு தண்ணீரில் கரையும் புரதங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. மென்சவ்வுப் புரதங்கள் மட்டும் பிடிபடவில்லை.

எண்ணெயில் வாழ்வது, தண்ணீரில் நிற்காது

காரணம் அவை வாழும் இடம். மென்சவ்வுப் புரதத்தின் இரு முனைகளும் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும். நடுப்பகுதி எண்ணெய்க்குள் இருக்கும். எண்ணெயோடு ஒத்துப்போகும் அமினோவமிலங்களால் மூடப்பட்டிருக்கும். மியூ வாங்கி அந்தச் சுவரை ஏழு தடவை ஊடறுத்துப் போகிறது. அதை மென்சவ்விலிருந்து பிடுங்கித் தண்ணீரில் போட்டால் நடுப்பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புரதம் கட்டி கட்டியாகித் தன் வடிவத்தை இழந்துவிடும்.

பிடுங்குவதற்கு உதவுவது அழுக்ககற்றி. சட்டியில் பிடித்த எண்ணெயைச் சவர்க்காரம் எப்படிச் சுற்றிக்கொண்டு தண்ணீரோடு போகிறதோ, அதேபோல அழுக்ககற்றி மூலக்கூறுகள் புரதத்தின் எண்ணெய்ப் பகுதியைச் சுற்றி ஒரு பட்டி போலக் கட்டிக்கொள்ளும். அந்தப் பட்டியோடு புரதம் தண்ணீரில் மிதக்கும். கடுமையான அழுக்ககற்றி என்றால் புரதமே குலைந்துவிடும். அதனால் சீனி மூலக்கூறைத் தலையாகக் கொண்ட மென்மையான வகைகளைத் தேடிப் பாவிக்கிறார்கள்.

இங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. பளிங்கில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். அழுக்ககற்றிப் பட்டி புரதத்தின் பெரும்பகுதியை மூடியிருப்பதால் தொடுவதற்கு மிஞ்சும் இடம் சிறிது. வரிசை கட்டுவதற்கான கைபிடிகள் போதாது. இவற்றை முப்பரிமாணப் பளிங்காக்கவே முடியாது என்று 1970களில் பலர் நம்பியதற்கு இதுவே காரணம்.

ஒரு பற்றீரியாவில் முதல் வெற்றி

1975இல் கேம்பிரிட்ஜில் றிச்சர்ட் ஹென்டர்சனும் நைஜல் அன்வினும் வேறு வழியில் ஒரு காட்சியைக் கண்டார்கள். உப்பேரிகளில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் மென்சவ்வில் பற்றீரியோறொடொப்சின் என்ற புரதம் இயல்பாகவே ஒரு தட்டையான வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்த்தபோது ஏழு கோல்கள் மென்சவ்வை ஊடறுத்து நிற்பது தெரிந்தது. அணுக்கள் தெரியும் அளவு தெளிவு இல்லை.

அதே புரதத்தோடு ஜேர்மனியில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஹார்ட்முட் மிஷெல். கொழுப்பு நீக்கிய புரதத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தபோது அது கண்ணாடி போன்ற திண்மத் துண்டுகளாக மாறியிருந்ததைக் கவனித்தார். தட்டையான வரிசைக்கு அப்பால் உண்மையான பளிங்கும் வரக்கூடும் என்ற நம்பிக்கை அங்கேதான் அவருக்கு வந்தது. 1980இல் டீட்டர் ஊஸ்டர்ஹெல்ட்டோடு சேர்ந்து பற்றீரியோறொடொப்சினின் பளிங்குகளை வெளியிட்டார். அவை வடிவத்தைத் தீர்க்கும் அளவு ஒழுங்கானவையாக இருக்கவில்லை.

அவர் அந்தப் புரதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஊதா நிற ஒளித்தொகுப்புப் பற்றீரியா ஒன்றின் தாக்க மையம் என்ற புரதத் தொகுதிக்கு மாறினார். சிறிய அழுக்ககற்றி ஒன்றையும், பட்டியை இன்னும் ஒடுக்கும் ஒரு சிறு மூலக்கூறையும் சேர்த்தார். அமோனியம் சல்பேற்றைக் கொண்டு நீரை மெதுவாக வெளியேற்றினார். நல்ல பளிங்குகள் விளைந்தன. 1982இல் அவற்றை வெளியிட்டார். மியூனிச்சுக்கு அருகே மார்டின்ஸ்றீட்டில் யொஹான் டைசன்ஹோபரும் றொபேர்ட் ஹூபரும் அவருடைய பளிங்கின் வடிவத்தைத் தீர்த்தார்கள். 1985இல் அது முழுமையாக வந்தது. 1988இல் மூவருக்கும் நோபல் பரிசு. முடியாது என்று சொல்லப்பட்ட ஒரு வேலை, பற்றீரியாவிலாவது முடியும் என்றானது.

மியூ வாங்கிக்கு இது போதவில்லை. ஒளித்தொகுப்புப் புரதம் அந்தப் பற்றீரியாவில் நிறைய உண்டு. நிறமும் இருப்பதால் சிதையாமல் இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். மனித உடலின் வாங்கிகளோ ஒரு கலத்தில் மிகக் குறைவாகவே இருக்கும். போதாததற்கு ஒரு நிலையில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். அசையும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் படம் பிடிப்பது எவ்வளவு சிரமமோ அவ்வளவு சிரமம்.

படைப்புழுவின் கலமும் ஒரு வைரசின் நொதியமும்

முதல் தேவை போதிய அளவு புரதம். இதற்குப் பரவலாகப் பாவிப்பது, 2018இன் பிற்பகுதியில் நம் நாட்டுச் சோளத் தோட்டங்களை அழித்தபோது சேனா படைப்புழு என்று நாம் பேர் வைத்த அதே புழுவின் கலங்கள். அதன் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த கலங்களை ஆய்வுகூடங்களில் குடுவைகளில் வளர்க்கிறார்கள். பூச்சிகளைத் தாக்கும் ஒரு வைரசுக்குள் வாங்கியின் பரம்பரையலகை வைத்து அந்தக் கலங்களுக்குத் தொற்றவைத்தால், கலங்கள் அந்த வாங்கியைச் செய்து தங்கள் மென்சவ்வில் வைக்கும். லீற்றர் கணக்கில் வளர்த்து, சில மில்லிகிராம் புரதம் எடுக்கலாம். மியூ வாங்கிக்காக எலியின் பரம்பரையலகைப் பாவித்தார்கள். மனிதனுடையதோடு அது மிக நெருங்கியது.

அடுத்தது அசைவை நிறுத்துவது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிறையன் கொபில்கா ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இன்னொரு வாங்கியோடு போராடிக்கொண்டிருந்தார்: சல்பியூட்டமோல் பற்றும் அந்த வாங்கி. அவருடைய குழுவும் கலிபோர்னியாவில் றேமண்ட் ஸ்டீவன்சின் குழுவும் சேர்ந்து 2007இல் ஒரு வழி கண்டன. வாங்கியின் உட்பக்கத்தில் மிகவும் தளர்வாக ஆடும் வளையத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பற்றீரியாக்களைத் தாக்கும் ஒரு வைரசின் லைசோசைம் என்ற சிறு நொதியத்தை வைத்தார்கள். அந்த நொதியம் தானே எளிதில் பளிங்காகும் இயல்புடையது. தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் வாங்கிகள் ஒன்றையொன்று தொட ஒரு கைபிடியும் ஆனது.

மியூ வாங்கியிலும் இதையே செய்தார்கள். கூடவே, மோர்பினின் உறவுச் சேர்வை ஒன்றை வாங்கியின் குழிக்குள் நிரந்தரமாகப் பிணைத்தார்கள். அது வாங்கியை இயக்காது. அடைத்துப் பிடித்து ஒரே நிலையில் வைத்திருக்கும்.

பற்பசைக்குள் விளையும் பளிங்கு

மூன்றாவது முட்டுக்கட்டை அழுக்ககற்றிப் பட்டி. இதற்கான வழியை 1996இல் சுவிற்சர்லாந்தின் பாசலில் எஹூட் லன்டோவும் யூர்க் றோசன்பூஷும் கண்டிருந்தார்கள். புரதத்தைத் தண்ணீரில் பளிங்காக்க முயலாமல் மறுபடி கொழுப்புக்குள் விடு என்பதே அவர்களுடைய வழி. மொனோஒலேயின் என்ற கொழுப்பை அழுக்ககற்றியில் உள்ள புரதக் கரைசலோடு சரியான விகிதத்தில் கலந்தால் அது பற்பசை போலத் தடித்து, கண்ணாடி போலத் தெளியும். அதற்குள் கொழுப்புப் படலம் முறிவில்லாமல் வளைந்து வளைந்து எல்லாத் திசையிலும் ஓடுகிறது. இடையிடையே நீர் வாய்க்கால்கள். புரதம் தனக்குப் பழகிய படலத்துக்குள் போய் உட்கார்ந்து, அங்கே நகர்ந்து மற்றப் புரதங்களைச் சந்திக்கிறது. மிஷெல் ஒரு பக்கம் வைத்த பற்றீரியோறொடொப்சினின் வடிவம் 1997இல் தெளிவாகத் தீர்ந்தது இந்த முறையால்தான்.

செய்முறை இப்படி. ஒரு கண்ணாடி ஊசிக்குழாயில் உருக்கிய கொழுப்பு, இன்னொன்றில் புரதக் கரைசல். பெரும்பாலும் 3 பங்கு கொழுப்புக்கு 2 பங்கு கரைசல். வாங்கிகளுக்குச் சிறிது கொலஸ்திரோலும் சேர்ப்பதுண்டு. இரண்டு குழாய்களையும் நுண்ணிய இணைப்பால் முகத்துக்கு முகம் பூட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளுவார்கள். முதலில் வெள்ளையாகக் கலங்கும். தள்ளத் தள்ளத் தெளியும். தெளிந்த பசையை இயந்திரம் ஒன்று 96 சிறு குழிகள் உள்ள கண்ணாடித் தட்டில் குழிக்கு ஏறத்தாழ 50 நனோலீற்றர் வீதம் வைக்கும். ஒரு சாதாரண மழைத்துளியில் இப்படிப் பல வைக்கலாம். ஒவ்வொரு குழியிலும் வெவ்வேறு உப்பு, வெவ்வேறு அமிலத்தன்மை, வெவ்வேறு செறிவு. மூடி, 20 பாகை செல்சியசில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

முதல் நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் பார்ப்பார்கள், ஒரு கிழமைக்குப் பின் பார்ப்பார்கள். பெரும்பாலான குழிகளில் ஒன்றும் இருக்காது. சிலவற்றில் பளிங்கு இருக்கும். ஆனால் உப்பாகவோ கொழுப்பாகவோ இருக்கும். புற ஊதா ஒளியில் மினுங்கினால் புரதமாக இருக்கலாம். ஒரு குழியில் நம்பிக்கை தெரிந்தால் அதைச் சுற்றி உப்பின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி மறுபடி நூற்றுக்கணக்கான குழிகள் வைப்பார்கள். ஒரு புரதத்துக்கு ஆயிரக்கணக்கான முயற்சிகள் சாதாரணம். வருடக்கணக்கில் இதைச் செய்து பளிங்கு காணாமல் ஆய்வை முடித்துக்கொண்ட மாணவர்கள் உலகமெங்கும் உண்டு.

மியூ வாங்கிக்குப் பளிங்கு வந்தது. தலைமயிரின் தடிப்பளவுகூட வராத சிறு பளிங்குகள்.

பளிங்கிலிருந்து படம்

அப்படிச் சிறிய பளிங்கை நுண்ணிய வளையத்தால் பசையிலிருந்து எடுத்து, திரவ நைதரசனில் −196 பாகையில் உறையவைப்பார்கள். சிக்காகோவுக்கு அருகே ஆர்கோன் என்ற இடத்தில் ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய சுற்றளவுள்ள வளையத்தில் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிச் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் எக்ஸ் கதிரை மயிரிலும் மெல்லிய கற்றையாக்கிப் பளிங்கின் மேல் விடுவார்கள். கதிர் பட்டதும் பளிங்கு சிதையத் தொடங்கும். ஆகவே பல பளிங்குகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தரவை எடுத்துச் சேர்க்க வேண்டும்.

அந்தப் புள்ளிகளிலிருந்து கணினியில் இலத்திரன் முகில் ஒன்று கிடைக்கும். அதற்குள் அமினோவமிலங்களை ஒவ்வொன்றாகப் பொருத்துவார்கள். பொருத்தியது சரியா என்று பார்ப்பதற்கு உலகம் முழுவதும் பாவிக்கும் ஒரு சோதனை சென்னையிலிருந்து வந்தது. ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963இல், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று கணக்கிட்டு வரைந்தார்கள். இராமச்சந்திரன் வரைபு என்று அதற்குப் பெயர். புதிதாகக் கண்ட எந்தப் புரத வடிவமும் இன்றும் அந்த வரைபில் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது.

2012 மார்ச் மாதத்தில் மியூ வாங்கியின் வடிவம் 2.8 அங்ஸ்ட்ரோம் தெளிவில் வெளியானது. ஒரு அங்ஸ்ட்ரோம் என்பது ஒரு மில்லிமீற்றரில் கோடியில் ஒரு பங்கு. அதே ஆண்டில் ஓபியோயிட் குடும்பத்தின் மற்ற மூன்று வாங்கிகளின் வடிவங்களும் வெளியாகின. ஒக்டோபரில் கொபில்காவுக்கும் அவருடைய ஆசான் றொபேர்ட் லெப்கோவிட்சுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

கண்டதும் கிடைத்ததும்

படத்தில் ஒரு விடயம் உடனே தெரிந்தது. மருந்து உட்காரும் குழி வெளிப்பக்கமாக அகலத் திறந்திருக்கிறது. மோர்பின் குடும்ப மருந்துகள் பல ஏன் வேகமாகப் பற்றி வேகமாக விடுகின்றன என்பதற்கு ஒரு காரணம் அதில் கிடைத்தது. 2015இல், லாமா என்ற விலங்கின் உடலில் உண்டாகும் ஒரு வகைச் சிறு பிறபொருளெதிரியின் உதவியோடு, வாங்கி இயங்கும் நிலையிலும் பளிங்காக்கப்பட்டது. அடைபட்ட நிலை, இயங்கும் நிலை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

பிறகு வந்தது நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான முயற்சி. வாங்கி இயங்கும்போது கலத்துக்குள் இரண்டு வழிகளில் செய்தி போகிறது. ஒரு வழி நோவைக் குறைக்கிறது, மற்றது மூச்சைக் குறைக்கிறது என்று அன்று பலர் கருதினார்கள். முதல் வழியை மட்டும் திறக்கும் மூலக்கூறு கிடைத்தால் ஆபத்தில்லாத மோர்பின் கிடைக்கும். 2012இன் வடிவத்தைக் கணினியில் வைத்து, 30 இலட்சத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகளை அந்தக் குழிக்குள் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். தேறியவற்றைத் திருத்தி உருவாக்கிய மூலக்கூறு 2016இல் வெளியானது: பிஇசட்எம்21. எலிகளில் நோவு குறைந்தது, மூச்சுப் பாதிப்பு மிகக் குறைவு என்று செய்தி வந்தது.

2018இல் வேறொரு குழு அதே மூலக்கூறை எலிகளில் சோதித்தது. மூச்சு குறைந்தது. மருந்து பழகிப்போய் நோவுக்கான பலனும் மங்கியது. இரண்டு வழிகள் என்ற கருத்தே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. வடிவம் தெரிந்ததால் மருந்து எங்கே பொருந்தும் என்று சொல்ல முடிந்தது. பொருந்தியபின் உடல் முழுக்க என்ன நடக்கும் என்பதை அந்தப் பளிங்கு சொல்லவில்லை.

அதே நேரம் வேறு வாசல்களும் திறக்கப்படுகின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சுசெட்ரிஜின் என்ற நோவு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது மூளையில் உள்ள மியூ வாங்கியைத் தொடுவதில்லை. உடலெங்கும் உள்ள நோவு நரம்புகளில் இருக்கும் ஒரு சோடியம் வாயிலை அடைக்கிறது. அதுவும் ஒரு மென்சவ்வுப் புரதம். அனுமதி கிடைத்தது சத்திரசிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் நோவுக்குத்தான். மாமாவுக்கு இருப்பது போன்ற ஆண்டுக்கணக்கான நரம்பு நோவுக்கு அல்ல.

பளிங்கு இல்லாமலும்

பளிங்கு விளைவிக்கும் வேலை இன்று முன்போல முதலிடத்தில் இல்லை. 2013இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியசும் யிபான் செங்கும் தங்கள் குழுக்களோடு, மிளகாயின் உறைப்பை உணரும் வாங்கியின் வடிவத்தைப் பளிங்கே இல்லாமல் கண்டார்கள். புரதத்தை மெல்லிய பனிப் படலத்தில் உறையவைத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஏராளமான தனி மூலக்கூறுகளைப் படமெடுத்து, கணினியில் ஒன்றுசேர்த்தார்கள். மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டால் எரிவது இந்த வாங்கியால்தான்; நெருப்புச் சுடுவதை உணர்வதிலும் இதற்குப் பங்கு உண்டு. உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டி முறைக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தபோது பெற்ற மூவரில் ஒருவர், 1975இல் ஏழு கோல்களைக் கண்ட அதே ஹென்டர்சன். புதிய மென்சவ்வுப் புரத வடிவங்களில் பெரும்பகுதி இப்போது இந்த முறையால்தான் வருகிறது. புரதத்தின் எழுத்து வரிசையிலிருந்தே வடிவத்தை ஊகிக்கும் அல்பாபோல்ட் என்ற கணினிச் செயலியும் வந்து, அதற்கு 2024இல் நோபல் பரிசும் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்தச் செயலி படித்த பாடப்புத்தகம், அரை நூற்றாண்டாகத் துளித்துளியாகப் பளிங்கு விளைவித்தவர்கள் சேர்த்தது. புரதத் தரவு வங்கி என்ற அந்தச் சேமிப்பு 1971இல் ஏழு வடிவங்களோடு தொடங்கியது. இன்று இரண்டு இலட்சத்துக்கு மேல் உள்ளன. எவரும் பணம் கட்டாமல் திறந்து பார்க்கலாம். மியூ வாங்கியின் 2012 பளிங்குக்கு அங்கே உள்ள இலக்கம் 4டிகேஎல்.

வீட்டுக்கு வந்த பிறகு அதை என் போனில் திறந்து மாமாவிடம் காட்டினேன். ஏழு சுருள்கள் நெருக்கமாக நிற்கின்றன. நடுவில் ஒரு குழி. குழிக்குள் மோர்பினின் உறவுக்காரன். விரலால் தொட்டால் திரும்புகிறது. மாமா நெடுநேரம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப குளிசைக்குத் துடை தெரியாது," என்றார்.

"தெரியாது மாமா. இது மாதிரி ஒரு குழியைத்தான் தெரியும். உங்கட நோக் குளிசைக்கு வேற குழி. அது எங்க இருந்தாலும் போய்ப் பிடிக்கும். அதாலதான் உங்களுக்குத் தலைச்சுத்தும் நித்திரையும் வாறது. நீங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ, டொக்டரிட்டச் சொல்லுங்கோ."

"புதுசா ஒண்டு வருமெண்டு சொன்னியே?"

அது அவருக்கான மருந்தாக இன்னும் வரவில்லை என்று சொன்னேன். இந்த மருந்துகள் நம் ஊர் மருந்தகங்களுக்கு எப்போது, என்ன விலைக்கு வரும் என்பது வேறு ஆட்கள் தீர்மானிக்கும் விடயம் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அந்தக் குழியை இன்னொருதரம் திருப்பிப் பார்த்தார். பிறகு இரவுக் குளிசையைப் போட்டுக்கொண்டு படுக்கப் போனார்.